வரிக்கு நாற்பத்திரண்டு கண்ணி

எட்டு மாதம் கையால் தொடாமல் கிடந்த குரோஷா போர்வையை வேல்விழி போன ஞாயிற்றுக்கிழமைதான் பெட்டியிலிருந்து எடுத்து வெளியில் போட்டாள். எடுத்த நாளிலிருந்து ஆளாளுக்கு அதற்கு அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

சிதம்பரத்தில் நர்ஸிங் படிக்கிற மகள் பூங்கோதை போனில் சொன்னாள்: "இனிமே உனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெருசு? ஒரு ஆளு போத்திக்கிற மாதிரி சிங்கிளாப் போட்டு முடிச்சிடேன்."

மாமியார் கொளஞ்சியம்மாள் சொன்ன அளவு இன்னும் சின்னது. "இருக்கறத நாலா மடிச்சித் தெச்சிட்டா பொறக்கப்போற புள்ளைக்கு ஆவும்."

பிறக்கப்போகிற பிள்ளை அவருடைய சின்ன மகன் கொளஞ்சிநாதனுடையது. அவன் மனைவி சுபாஷினிக்கு இது ஏழாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சுபாஷினி மட்டும்தான் அளவு எதுவும் சொல்லாதவள். "கலரு நல்லாருக்குதுக்கா" என்று ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேல்விழி போர்வையை மடித்துக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஊசி பிடிக்காதவர்களிடம் எதைச் சொல்ல? போர்வையின் நீளத்தை எந்த வரியில் வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அகலம் அப்படியில்லை. முதல் நாள் முதல் வரியில் எத்தனை கண்ணி போடுகிறோமோ, அதுதான் கடைசி வரைக்கும். அகலத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பின்னிய நூற்றுப்பத்து வரியையும் உருவிப் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அந்த நூற்றுப்பத்து வரியும் அவள் புருஷன் பழமலை பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பண்ணிக்கொண்டிருந்தபோது பின்னியவை. பிரிப்பதாம்!

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வழக்கம்போல எட்டு மணிக்கு செராமிக் எஸ்டேட்டிலுள்ள பொம்மைக் கம்பெனிக்குப் போனாள். அச்சிலிருந்து வருகிற பொம்மைகளின் ஓரப் பிசிறைச் சுரண்டி வழவழப்பாக்குகிற வேலை. மாதத்துக்கு ஒரு நாள் வருகிற கரண்ட் நிறுத்தம் அன்றைக்கு என்பது போன பிறகுதான் தெரிந்தது. மெஷின் ஓடாது. பத்தரை மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டாள்.

அறைக் கதவைத் தள்ளினாள். கட்டில் இல்லை.

ஜன்னலை ஒட்டி, சிமெண்ட் தரையில் நான்கு கால் பதிந்த சதுரத் தடங்கள் மட்டும் இருந்தன. அவற்றுக்கு நடுவே பதினெட்டு வருடத் தூசி. மெத்தை சுவரில் சாய்ந்து கிடந்தது. தலைமாட்டில் அவள் மடித்து வைத்திருந்த போர்வையையும் காணவில்லை.

ஜன்னல் வழியே கொல்லைப்புறம் தெரிந்தது. கொளஞ்சிநாதன் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் தாங்கள் படுக்கிற பின்னறைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். ஐப்பசி மழையில் கொல்லை முழுக்கச் சேறு. பலகையில் கீறல் விழாதபடி அடியில் எதையோ விரித்திருந்தான். செங்கல் நிறமும் தயிர் வெள்ளையும் மாறி மாறி வருகிற எதையோ.

வேல்விழி செருப்புப் போடாமலே கொல்லைக்கு ஓடினாள்.

"என்னா இது?"

"வாங்க அண்ணி. என்னா, சீக்கிரம் வந்துட்டீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்னா இது?"

"கட்டிலுதான் அண்ணி. சுபாவுக்குக் கீழ படுத்து எழுந்திரிக்க முடியல. டாக்டரம்மா வேற தரையில படுக்காதன்னு சொல்லிட்டாங்க…"

"என் கட்டிலத் தூக்கச் சொல்லியும் அந்த டாக்டரம்மாதான் எழுதிக் குடுத்தாங்களா? அடியில போட்டிருக்கியே, அது என்னா?"

அவன் அப்போதுதான் குனிந்து பார்த்தான். "தெரியாம எடுத்துட்டேன் அண்ணி. கனமா, மெத்துனு இருந்திச்சி. பலகைக்கு அடிபடாதேன்னு…"

"வூட்டுல கோணி இல்ல? பழைய பாயி இல்ல? ஒம் பொண்டாட்டியோட வளைகாப்புப் பொடவைய விரிச்சி இழுக்கறதுதான?"

பின்னறை வாசலில் நின்ற சுபாஷினியின் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று விட்டாள் வேல்விழி. பலகையை ஒரு பக்கம் தூக்கிப் போர்வையை உருவினாள். சேற்று நீரைக் குடித்து அது இரண்டு மடங்கு கனத்திருந்தது.

"என்னாடி சத்தம் போடற வாயும் வயிறுமா இருக்கற புள்ள முன்னால?" கொளஞ்சியம்மாள் சமையலறையிலிருந்து வந்தார். எப்போதும் போல முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு. "நான்தான் எடுக்கச் சொன்னேன். ஒத்த ஆளுக்கு எதுக்கு அஞ்சடிக் கட்டிலு? மாடிப்படி கீழ இரும்புக் கட்டிலு சும்மாதான கெடக்குது?"

ஒத்த ஆளு. மகள் சொன்னபோது அந்தச் சொல் இவ்வளவு சுடவில்லை.

"நான் ஒத்த ஆளு ஆயி எட்டு மாசம்தான் அத்த ஆவுது. அதுக்குள்ள எனக்கு அளவெடுத்துட்டீங்களா?"

"இப்ப என்னாத்தச் சொல்லிட்டேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் வேலைக்குப் போன நேரம் பாத்துத் தூக்கறீங்க. கேட்டா குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சிதான?"

கொளஞ்சியம்மாள் வேல்விழியின் தோளைத் தாண்டி அந்த ஜன்னலையே பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய்விட்டார். அவர் இந்த எட்டு மாதமாக அப்படித்தான். அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. அறையைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாசி மாதத்து விடிகாலையில் பெரிய மகன் கட்டிலில் உயிரில்லாமல் கிடந்ததை முதலில் பார்த்தது அவர்தான். பால் வாங்கப் போயிருந்த வேல்விழி, தெருமுனையில் அவருடைய அலறலைக் கேட்டுத்தான் ஓடிவந்தாள்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஆசாரி விருத்தகிரி, சாக்குப் பையில் சாமான்களோடு. "கட்டில மாட்டணும்னு தம்பி சொன்னாருங்க…"

"ஆசாரி, அத எந்த அறையில இருந்து எடுத்தாங்களோ அங்கியே மாட்டுங்க" என்றாள் வேல்விழி. கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் நான் பாக்கறப்ப கட்டிலு அது எடத்துல இருக்கணும். சொல்லிட்டேன்."

கூட நின்று மாட்ட வைத்திருக்க வேண்டும். பின்னால் அவள் தன்னையே நூறு முறை திட்டிக்கொண்டது அதற்குத்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குச் சேறு மட்டும்தான் தெரிந்தது. அண்டா நிறைய வெந்நீர் போட்டு, சோப்புத்தூள் கரைத்து, போர்வையை முக்கி முக்கி எடுத்தாள். மூன்று தண்ணீர் மாற்றியும் செம்மண் விட்டுக்கொண்டே இருந்தது. யார் மேலெல்லாம் கோபமோ அவர்களையெல்லாம் சேர்த்துப் பிழிந்தாள்.

காயப்போட வெயில் இல்லை. வானம் தொங்கிக்கொண்டிருந்தது. போர்வையை பிளாஸ்டிக் டப்பில் போட்டு, ஸ்கூட்டியின் காலடியில் வைத்துக்கொண்டு, மறுபடியும் எஸ்டேட்டுக்கே விட்டாள்.

முந்தின நாள் சுட்ட சூளை இன்னும் சூடாக இருந்தது. அதை ஒட்டிய காயவைக்கிற அறையில் இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகள் வரிசையாக நின்றன. மேல் தட்டுகளைக் காலி செய்து போர்வையை விரித்தாள். கூட வேலை செய்கிற பூர்ணிமா வெளிச்சமான ஜன்னலோரம் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வேலைக்குக் கரண்ட் வேண்டாம்.

"என்னாக்கா, வூட்டுல இடம் இல்லன்னு கம்பெனிக்குக் குடி வந்துட்டியா?"

வேல்விழி சொன்னாள். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. பூர்ணிமா பிரஷைத் தண்ணீரில் போட்டாள்.

"கட்டிலத் தூக்கிட்டுப் போனானா? ஒங்கொழுந்தனுக்கு வெக்கமா இல்ல? பேசாம மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருகிட்ட ஒரு பிராது கட்டிடுக்கா."

ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் போக முடியாத வழக்கையெல்லாம் பிராதாக ஒரு தாளில் எழுதி அந்த முருகன் கோயிலில் கொடுத்து, முனியப்பர் முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிட்டு வருவார்கள். எதிராளி பெயர் எழுத வேண்டும். எழுதப்பட்டவன் அதற்கப்புறம் இருமினால்கூட வீட்டில் எல்லாரும் பயந்து பார்ப்பார்கள்.

"அவன் பேரே கொளஞ்சிநாதன்டி" என்றாள் வேல்விழி.

"அதனால என்னா? சாமிக்கு சொந்தக்காரன், வேத்து ஆளுன்னு இருக்குதா?"

வேல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து மோல்டு செக்‌ஷனுக்குப் போனாள். பழமலை அங்கேதான் இருபத்தோரு வருடம் பொம்மைகளுக்கு அச்சு செய்தார். அவருடைய மேசை டிராயரில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. ஸ்டீல் டேப்பும், அளவு எழுதுகிற நீள நோட்டும் அப்படியே இருந்தன. பிராது எழுதத் தாள் வேண்டுமென்றுதான் நோட்டைப் புரட்டினாள். நடுவில் அந்தப் பக்கம் வந்தது.

கட்டில் அகலம் 60 அங்குலம். இரண்டு பக்கமும் தொங்க 12, 12. ஆக 84. அங்குலத்துக்கு 4 கண்ணி. 336. சுருக்கம் எட்டில் ஒன்று, 42. மொத்தம் 378.

அந்தச் சண்டை நினைவு வந்தது. மாதிரிக்கு நாலங்குலச் சதுரம் ஒன்று பின்னி அவர் கையில் கொடுத்தாள். டேப்பை வைத்துக் கண்ணியை எண்ணினார். மனிதர் அதோடு நிற்கவில்லை. களிமண் சூளையில் வெந்தால் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சை எப்போதும் அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். வீட்டில் அலமாரிக்குத் திரை வாங்கினாலும் மகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தாலும் எட்டில் ஒன்று கூட்டித்தான் அவருக்குக் கணக்கு வரும்.

"நூலு என்னா களிமண்ணா? போர்வைய சூளையில வச்சா சுடப் போறோம்?" என்று கேட்டாள்.

"செய்யறது எதுவா இருந்தாலும் சுருங்கும்டி. போட்டுத்தான் பாரேன்."

போட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியிலும் நாற்பத்திரண்டு கண்ணி தண்டமாகப் பின்னினாள். ஒவ்வொரு வரி முடிவிலும் அவரைத் திட்டினாள். கை வலித்தால் அதற்கும் அவர்தான் காரணம். நூற்றுப்பத்து வரிக்கு எத்தனை ஆயிரம் ஆகிறது பார் என்று ஒரு நாள் கூட்டிச் சொன்னாள். அவர் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தார். செத்த பிறகும் அந்த நாற்பத்திரண்டு கண்ணிக்காக அவர் மேல் அவளுக்கிருந்த கோபம் தீரவில்லை. விட்டுவிட்டுப் போன கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதில்தான் வைத்திருந்தாள்.

நாலரை மணிக்குப் போர்வை காய்ந்துவிட்டது. தட்டிலிருந்து எடுத்து உதறியபோதே கைக்கு வித்தியாசம் தெரிந்தது. கண்ணிகள் நெருங்கி, தடித்து, வேறு துணி மாதிரி இருந்தது.

"பூர்ணிமா, இந்த நுனியப் பிடி."

டேப்பை இழுத்தாள். பின்னும்போது தொண்ணூற்று நாலரை அங்குலம் இருந்த அகலம் இப்போது எண்பத்தைந்தரை.

மறுபடி அளந்தாள். எண்பத்தைந்தரையேதான்.

வெந்நீர். சூளைச் சூடு. அவர் போட்ட எண்பத்து நான்குக்கு ஒன்றரை அங்குலம்தான் மிச்சம்.

"என்னாக்கா? ஏன் அப்டிப் பாக்கற?"

"சரியாச் சொல்லியிருக்கான்டி பாவி" என்றாள் வேல்விழி. புருஷனை அவன் இவன் என்று அவள் சொன்னதே கிடையாது. "ரெண்டு வருஷமா வாய் வலிக்கத் திட்டினேன். ஒரு வார்த்த, பாத்தியான்னு கேக்கறதுக்கு இருந்தானா? இதயும் சரியாச் சொல்லிட்டுப் போய்ட்டான்."

தாளைக் கிழித்து, பூர்ணிமாவின் பேனாவாலேயே பிராது எழுதினாள். நான்கு வரிதான். என்னைக் கேட்காமல் என் கட்டிலை எடுத்தார்கள், என் புருஷன் அளவு சொன்ன போர்வையைச் சேற்றில் போட்டு இழுத்தார்கள், என்னை ஒத்த ஆள் என்றார்கள், நியாயம் கேட்டுத் தர வேண்டும். எதிராளி என்று எழுதி, அதற்கு நேரே இடம் விட்டாள். வீட்டுக்குப் போவோம், கட்டில் இடத்தில் இருந்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

கட்டில் இடத்தில் இல்லை.

பின்னறையில் மாட்டியிருந்தார்கள். சுபாஷினி அதன் கதவுப் பக்க ஓரத்தில் உட்கார்ந்து கால் நீட்டியிருந்தாள். விருத்தகிரி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

வேல்விழி நேராகக் கட்டிலருகே போனாள். "செத்த எழுந்திரு சுபா" என்றாள். போர்வையை இரண்டு கையால் விசிறிக் கட்டில் மேல் விரித்தாள். பாருங்கள், இது எந்தக் கட்டிலுக்கு அளவெடுத்தது என்று நீங்களே பாருங்கள் என்று கேட்பதற்கு வார்த்தையெல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

கதவுப் பக்கம் சரியாக ஓரடி தொங்கியது. சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே போர்வை தரையில் புரண்டது.

இழுத்து நேராக்கினாள். அப்படியும் புரண்டது. இடுப்பில் செருகியிருந்த டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தாள். நாற்பத்தெட்டு.

அப்போதுதான் தரையில் மரத்தூள் கண்ணில் பட்டது. தலைமாட்டுப் பலகையின் நடுவில் செதுக்கியிருந்த தாமரை இப்போது நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

"அறுத்தீங்களா?"

கொளஞ்சிநாதன் மரத்தூளைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"அறுத்துட்டீங்களாடா?"

"அண்ணி, அறை சின்னது. அஞ்சடி போட்டா பீரோ கதவு தொறக்க மாட்டேங்குது. ஓரடிதான்…"

"ஓரடிதானா? ஒன் கைய ஓரடி அறுத்துட்டு ஓரடிதான்னு சொல்லு, கேக்கறேன்! பிராது எழுதி வச்சிட்டேன் கொளஞ்சி. இந்தா பாரு. பேரு மட்டும்தான் பாக்கி. காலையில மொத பஸ்ஸுல போயி வேலுல கட்டிட்டுத்தான் வேற வேல."

அவன் முகம் வெளுத்தது. "என் சாமிகிட்டயே எம்மேல பிராதா? வேணாம் அண்ணி. புள்ள பொறக்கப்போற நேரம்…"

"அது அறுக்கும்போது தெரியலயா?"

விருத்தகிரி மெல்லச் சொன்னார். "நான் சொன்னேங்க. குறைக்கறதுன்னா ரெண்டு பக்கமும் அர அடி அர அடியா எடுக்கலாம், பூவு நடுவுல நிக்கும்னேன். பெரியம்மாதான் அந்த ஒரு பக்கம் மட்டும் எடுன்னு பிடிவாதமா நின்னாங்க."

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். கொளஞ்சியம்மாள் அங்கேதான் நின்றிருந்தார்.

"ஆமாம். நான்தான் சொன்னேன்" என்றார். குரலில் காலை நேரத்து அதட்டல் இல்லை. "செவுத்துப் பக்கம். அங்கதான எம்புள்ள கெடந்தான். நான் பாத்த எடம் அது. அந்த எடத்துல ஒரு பச்சப் புள்ளயப் போட முடியுமா? அத மட்டும் எடுத்துட்டா மிச்சம் நல்ல கட்டிலுதான."

வேல்விழிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கட்டிலின் அறுத்த ஓரத்தை ஓங்கித் தட்டினாள்.

"அத்த, அவருக்குச் சக்கர. ராத்திரிக்கு மூணு வாட்டி எழுந்திருப்பாரு. கதவுப் பக்கம்தான் அவருது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தப் பக்கம்தான். செவுத்துப் பக்கம், ஜன்னலு பக்கம், அது என்னுது. நீங்க அறுத்துப் போட்டது என் பக்கம்!"

கொளஞ்சியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு மட்டும் ஏன் நகந்து என் பக்கம் போனாருன்னு எனக்கும் தெரியல. எட்டு மாசமா யோசிக்கறேன், தெரியல. ஆனா பதினெட்டு வருஷம் அவரு படுத்த எடம் இதோ இருக்குது. இப்ப சுபா உக்காந்திருந்தாளே, அது."

சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அது தெரிந்தது. சுபாஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைத் தொடாமல், சுவரோரமாகவே நடந்து வெளியே போனாள். கொளஞ்சிநாதன் அவள் பின்னால் போனான். வேல்விழி வருத்தப்படவில்லை. வருத்தம் நாளைக்கு வரும். போர்வையை வாரிச் சுருட்டினாள். மூலையில் சாய்த்து வைத்திருந்த துண்டுப் பலகைகள் ஆறையும் இன்னொரு கையில் அணைத்துக்கொண்டாள். ஓரடி நீளம் ஒவ்வொன்றும். அவள் பக்கம் அவ்வளவுதான்.

தன் அறைக்கு வந்து, அந்த நான்கு கால் தடங்களுக்கு மேல் போர்வையை விரித்தாள். தடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓரடி ஓரடி. இல்லாத கட்டிலுக்கு அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

பையிலிருந்து ஊசியை எடுத்தாள். பிரிக்கப் போவதில்லை. குறைக்கப் போவதில்லை. மடித்துத் தைக்கப் போவதில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு நூற்றுப் பதினோராவது வரி. முந்நூற்று எழுபத்தெட்டு கண்ணி, ஒன்று குறையாமல். நூலைக் கோபத்தோடு இழுத்ததில் முதல் சில கண்ணிகள் இறுகி விழுந்தன. விழட்டும்.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்குப் போடவில்லை. எண்ணிக்கை இருநூற்றுப் பதினொன்றைத் தொட்டபோது வாசற்படியில் நிழல் விழுந்தது.

எட்டு மாதமாக அந்த அறைக்குள் வராத கொளஞ்சியம்மாள் ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். போர்வையை மிதிக்காமல், ஓரமாக நடந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கெளம்புங்க அத்த. பேசற நெலமையில நான் இல்ல" என்றாள் வேல்விழி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தப் பிராதுல எம்பேர எழுதிக்க வேலு. கொளஞ்சி பேரு வேணாம்."

"அறுக்கச் சொன்னது நீங்கதான? எழுதத்தான் போறேன்."

"கட்டிலுக்காக இல்ல."

இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதிமூன்று.

"அன்னிக்கு நீ பாலுக்குப் போயிட்ட. நான் இந்த ஜன்னலுக்கு வெளியதான் கொல்லையக் கூட்டிக்கிட்டு இருந்தேன்." கிழவியின் விரல்கள் கம்பியில் வெளுத்தன. "அவன் ஒம் பக்கம் ஏன் போனான்னு கேட்டியே. ஜன்னலாண்ட வந்து கூப்பிட்டான்டி. வேலு, வேலுன்னு ரெண்டு வாட்டி. பொண்டாட்டியத்தான கூப்புடறான், எனக்கென்னான்னு… நான் கேட்டுக்கிட்டேதான் கூட்டிக்கிட்டு இருந்தேன்."

ஊசி கண்ணிக்குள் நுழைந்தபடியே நின்றது. எத்தனை எண்ணினோம் என்பது வேல்விழிக்கு மறந்துபோயிற்று.